லேப்ராஸ்கோபி முடிந்து ஒன்றரை மாதமாகியும் அம்மாவின் தொப்புள் புண் ஆறவில்லை

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 56. பித்தப்பையில் கற்கள் இருந்ததால், மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் லேப்ராஸ்கோபி முறையில், அதாவது சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் நுழைத்து, பித்தப்பையை அகற்றினார்கள். வயிற்றில் நான்கு துளைகள். மேல்வயிற்றில் உள்ள மூன்றும் சீக்கிரமே ஆறிவிட்டன. தொப்புளில் போட்ட துளையும் முதலில் நன்றாகத்தான் ஆறியது. தையல் பிரித்த அன்று உலர்ந்து ஒட்டியிருந்தது. அதன்பின் ஏறக்குறைய ஒரு மாதம் எந்தத் தொந்தரவும் இல்லை.

பிறகு தொப்புளின் கீழ் விளிம்பில் பட்டாணி அளவில் ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. வலி அதிகமில்லை, காய்ச்சலும் இல்லை. சில நாட்களில் அதன் மேல்தோல் ஊதா நிறமாகி, நடுவில் மிகச் சிறிய வாய் ஒன்று திறந்து, மஞ்சள் கலந்த நீர் கசியத் தொடங்கியது. காலையில் எழும்போது பாவாடை நாடாவை ஒட்டிய துணி விறைத்துப்போய், ஒரு ரூபாய் நாணய அளவுக்குக் கறை படிந்திருக்கிறது.

மருத்துவமனையில் மீண்டும் காட்டியபோது ஒரு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். அதன்பின் வேறொன்றை மாற்றிக் கொடுத்தார்கள். சாப்பிடும் நாட்களில் சற்றுக் குறைகிறது, நிறுத்தியதும் மறுபடியும் கசிகிறது. அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் ஆறவில்லை என்கிறார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 7.1 தான். மற்ற மூன்று துளைகளும் அதே உடம்பில்தானே ஆறின? தொப்புளுக்கு மட்டும் ஏன் இப்படி ஆகிறது, அடுத்து என்ன பரிசோதனை கேட்க வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற செவிலியர்:

மகளே, உங்கள் கேள்வி நியாயமானது. அறுவை வார்டில் நெடுங்காலம் கட்டு மாற்றிய பழக்கத்தில் சொல்கிறேன்: தொப்புளில் எது வருகிறது என்பதைவிட எப்போது வருகிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும்.

முதல் இரண்டு மூன்று நாட்களில் இளஞ்சிவப்பு நீர் கசிவதும், தொப்புளைச் சுற்றிக் கன்றிப்போய்க் கருநீலமாக மாறுவதும், அந்த நிறம் கீழ்வயிறு வரை இறங்குவதும் பலருக்கு உண்டு. இரத்தம் தோலுக்கடியில் கசிந்து கீழ்நோக்கிப் படிவதால் அப்படித் தெரிகிறது. இரண்டு வாரத்தில் பச்சையாகி, மஞ்சளாகி மறைந்துவிடும். நான்காம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் சிவந்து, சூடேறி, தொட்டால் வலித்து, சீழ் வந்தால் அது வழக்கமான தோல் கிருமியால் வந்த தொற்று. ஒரு தையலைப் பிரித்துச் சீழை வெளியேற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். உங்கள் அம்மாவுக்கு இவை இரண்டும் பொருந்தவில்லை. முழுதாக ஆறி, ஒரு மாதம் அமைதியாக இருந்து, அதன்பின் வலியில்லாத முடிச்சாக வந்திருக்கிறது. அந்த ஒரு மாத இடைவெளியை மருத்துவரிடம் அழுத்திச் சொல்லுங்கள். பலர் அதைச் சொல்ல மறந்து, 'ஆபரேஷன் செய்ததிலிருந்தே ஆறவில்லை' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள்.

அதுவரைக்கும், முடிச்சைப் பிதுக்க வேண்டாம். கொதித்து ஆறிய நீரால் அல்லது மருந்துக்கடையில் கிடைக்கும் நார்மல் சலைனால் துடைத்து, மடிப்பின் உள்பக்கம் ஈரமில்லாமல் ஒற்றி எடுத்து, உலர்ந்த காஸ் துணியை மட்டும் வையுங்கள். பஞ்சை நேரடியாக வைத்தால் இழை ஒட்டிக்கொள்ளும். பாவாடை நாடா தொப்புளின் மேல் விழாதவாறு சற்று இறக்கியோ ஏற்றியோ கட்டச் சொல்லுங்கள். நைட்டி அணிந்தால் இன்னும் நல்லது.

பாட்டிவழி:

எங்கள் வீட்டில் எந்தப் புண்ணாக இருந்தாலும் விளக்கெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவுவோம். தொப்புளில் 72,000 நரம்புகள் கூடுகின்றன என்று படித்திருக்கிறேன். அங்கே எண்ணெய் விட்டால் உடல் முழுவதும் குளிர்ச்சி பரவும், உள்ளே உள்ள புண்ணும் ஆறும். மாத்திரைகளை மாற்றி மாற்றி விழுங்குவதற்கு முன் இதைச் செய்து பார்க்கலாமே என்ற அக்கறையில் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற செவிலியர்:

அக்கறைக்கு நன்றி, அம்மா. ஆறிய தோலின் மேல் எண்ணெய் தடவுவதில் எனக்கு எதிர்ப்பில்லை. ஆனால் கசிகின்ற துளையின் வாயில் எண்ணெயும் மஞ்சள்தூளும் போனால் அவை அங்கேயே கட்டியாகி வாயை அடைத்துவிடுகின்றன. வெளியேற வேண்டிய நீர் உள்ளே தேங்கிப் பக்கத்தில் இன்னொரு வாய் திறக்கிறது. அப்படி வந்த மடிப்பிலிருந்து மஞ்சள் பொருக்கைச் சலைன் விட்டு ஊறவைத்து, சிறிது சிறிதாக எடுத்திருக்கிறேன். மஞ்சளின் நிறத்தால் சீழின் உண்மையான நிறமும் தெரியாமல் போய்விடுகிறது. அந்த 72,000 நரம்புக் கணக்கு கைப்பேசியில் சுற்றிவரும் செய்தி. உடற்கூற்றியலில் அதற்கு இடமில்லை. பெரியவர்களுக்குத் தொப்புளிலிருந்து உள்ளுறுப்புகளுக்கு எண்ணெய் போகும் வழி எதுவும் கிடையாது.

கொங்குநாட்டு அறுவை மருத்துவர்:

நேரில் பார்க்காமல் நோயைத் தீர்மானிக்க முடியாது என்றாலும், வைகைக்கரை எழுதியிருக்கும் வரிசை எங்கள் துறையில் உள்ளவர்களுக்கு மிகவும் பழக்கமானது. ஆகையால் விரிவாகவே எழுதுகிறேன்.

மற்றத் துளைகள் ஆறியும் தொப்புள் மட்டும் ஏன் என்று கேட்டிருந்தீர்கள். வயிற்றுச் சுவரில் மற்ற இடங்களில் தோல், கொழுப்பு, தசை, தசையுறை, உள்ளுறை என அடுக்குகள் தனித்தனியே இருக்கின்றன. தொப்புளின் நடுவில் கொழுப்பும் தசையும் இல்லை. தோலும் தசையுறையும் உள்ளுறையும் ஏறத்தாழ ஒட்டிக்கொண்டிருக்கும், கொடி விழுந்தபின் மூடிய வடு அது. சுவர் அங்கே மெல்லியதாக இருப்பதால்தான் கரியமில வாயுவைச் செலுத்தவும் கேமராவை நுழைக்கவும் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். அந்த வசதிக்கு விலையும் உண்டு. மடிப்புக்குள் அழுக்கும் ஈரமும் கிருமிகளும் தங்கும்; அங்கே 10 மி.மீ. குழாய் செல்கிறது, பக்கவாட்டில் உள்ளவை பெரும்பாலும் 5 மி.மீ. தான், பல மருத்துவர்கள் பித்தப்பையை வெளியே எடுப்பதும் தொப்புள் வழியாகத்தான், கல் பெரிதாக இருந்தால் துளையை விரிக்கவும் நேரிடும். அந்த வழியே அழுக்கான பையும் வருகிறது, திசுவும் அதிகம் நசுங்குகிறது.

இனி உங்கள் அம்மாவின் பிரச்சினை. தாமதமாக, காய்ச்சலின்றி, ஊதா நிறமான முடிச்சாக வந்து, வாய் திறந்து, வழக்கமான ஆன்டிபயாடிக்குக் கட்டுப்படாமல் கசிந்தால் நான் மூன்றை நினைப்பேன். ஒன்று, உள்ளே போட்ட தையல் நூலைச் சுற்றி வரும் கட்டி. விக்ரில் போன்ற நூல் கரைய ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும், பி.டி.எஸ். கரைய ஆறு மாதம் ஆகும், புரோலின் கரைவதே இல்லை. சிலருக்கு நூலின் முடிச்சு வெளியே தள்ளப்படும்; அதை எடுத்துவிட்டால் புண் மூடிவிடும். இரண்டாவது, பித்தப்பையை எடுக்கும்போது பை கிழிந்து, சிந்திய கல் ஒன்று துளையின் பாதையில் சிக்கிக்கொள்வது. இது அரிதுதான், என்றாலும் ஸ்கேனில் தெரியும்.

மூன்றாவதை நம் நாட்டில் மறக்கவே கூடாது: காசநோய்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த, ஆனால் காசநோயை உண்டாக்காத மைக்கோபாக்டீரியா. ஃபார்ச்சூட்டம், கெலோனே, அப்செசஸ் என்பவை இவற்றில் முக்கியமானவை. இவை குழாய்த் தண்ணீரிலும் மண்ணிலும் இயல்பாக வாழ்கின்றன. சரியாகத் தொற்றுநீக்கம் செய்யப்படாத கருவி வழியாகத் தோலுக்கடியில் போய்விட்டால் மூன்று நான்கு வாரங்களோ அதற்கும் மேலோ அடங்கியிருந்துவிட்டு, பின்னர் இப்படி முடிச்சாகக் கிளம்புகின்றன. அமாக்சிசிலின், செஃபலோஸ்போரின் வகை மாத்திரைகளால் இவை போவதில்லை. சர்க்கரை ஆறுதலைத் தாமதப்படுத்தும் என்பது உண்மை, ஆனால் 7.1 என்ற அளவில், ஆறி மூடிய புண்ணைச் சர்க்கரை மட்டுமே திறந்துவிடும் என்று நான் ஏற்கமாட்டேன்.

ஆகவே இன்னொரு ஆன்டிபயாடிக்குக்கு முன், அந்தக் கட்டியிலிருந்து கொஞ்சம் திசுவை எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மேலே கசியும் நீரைப் பஞ்சுக்குச்சியால் தொட்டெடுத்தால் தோலில் உள்ள கிருமிதான் வளரும். எடுக்கும் திசுவில் ஒரு பகுதியை ஃபார்மலினில் (திசு கெடாமல் வைக்கும் திரவம்) போட்டுப் பயாப்ஸிக்கும் (நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை), இன்னொரு பகுதியை ஃபார்மலின் படாமல் சலைனில் வைத்துக் கல்ச்சருக்கும் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்ப வேண்டும். முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கல்ச்சர் செய்யவே முடியாது. நடைமுறையில் அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். அனுப்பும் சீட்டில் 'மைக்கோபாக்டீரியா கல்ச்சர்' என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். அகற்றிய பித்தப்பையின் பயாப்ஸி அறிக்கை கையில் இருக்கிறதா என்று தேடுங்கள். மிகச் சிலருக்குக் கல்லோடு எதிர்பாராத புற்றுநோயும் பித்தப்பையில் இருந்து, அது துளை வழியில் கட்டியாக வரக்கூடும். உங்கள் அம்மாவுக்கு அப்படி இருக்கும் என்று சொல்லவில்லை. அறிக்கையைப் படித்துவிட்டால் அந்தக் கவலைக்கு இடமே இருக்காது.

தாமிரபரணி:

மருத்துவர் ஐயாவின் விளக்கத்தைப் படித்தபின் என் பிரச்சினையையும் எழுதத் தோன்றுகிறது. எனக்கு வயது 43, எடை சற்று அதிகம். சென்ற ஆண்டு குடல்வாலை லேப்ராஸ்கோபியில் எடுத்தார்கள். புண் அழகாக ஆறியது, கசிவே கிடையாது. சில மாதங்கள் கழித்து, இருமும்போது தொப்புளுக்குச் சற்று மேலே கோலிக்குண்டு அளவில் ஏதோ முட்டிக்கொண்டு வந்தது, படுத்தால் மறைந்துவிடும். வீட்டில் பெரியவர்கள் குடலேற்றம் என்று சொல்லி, எண்ணெய் தேய்த்துக் குடல் தட்டுபவரிடம் அழைத்துப்போக நாள் பார்த்தார்கள். நான் மறுத்துவிட்டேன். இப்போது வேலையில் மூட்டை தூக்கும் நாட்களில் அது இன்னும் பெரிதாகத் தெரிகிறது. வலி இல்லாவிட்டால் இப்படியே விட்டுவிடலாமா?

கொங்குநாட்டு அறுவை மருத்துவர்:

தாமிரபரணி அவர்களே, நீங்கள் மறுத்தது மிகவும் நல்லது. நீங்கள் சொல்வது துளை வழிக் குடலிறக்கத்தின் விவரம். 10 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட துளையின் தசையுறையைத் தனியாகத் தைத்து மூட வேண்டும் என்பது பொதுவான விதி. தைத்திருந்தாலும், உடல் பருமன், சர்க்கரை, நாட்பட்ட இருமல், மலச்சிக்கல், புண்ணில் சீழ் பிடித்தது, முன்பே தொப்புளில் சிறு பலவீனம் இருந்தது ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் தையல் விட்டுக்கொடுத்து, தோலுக்கடியில் இடைவெளி உண்டாகலாம். தோல் மட்டும் ஆறியிருப்பதால் வெளியே ஒன்றும் தெரியாது.

அதை அழுத்தித் தேய்த்தால் உள்ளே சிக்கியிருக்கும் குடல் நசுங்கும். சிறிய வாயில் குடல் சுவரின் ஒரு பக்கம் மட்டும் மாட்டிக்கொள்ளும் வகை ஒன்று உண்டு. அதில் குடல் முழுவதும் அடைபடாததால் மலமும் காற்றும் வழக்கம்போல் போய்க்கொண்டிருக்கும், ஆனால் மாட்டிய பகுதி இரத்த ஓட்டமின்றி அழுகத் தொடங்கிவிடும். எனவே புடைப்பு உள்ளே போகாமல் கல்போல் நின்றுவிட்டாலோ, அதன் மேல்தோல் சிவந்தாலோ, வாந்தியும் வயிற்று உப்புசமும் சேர்ந்தாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள், காலை வரை பொறுக்க வேண்டாம்.

வலியில்லாத நிலையில் அவசரமில்லை. ஆனால் துளை தானாக மூடாது. நின்ற நிலையில் முக்கச் சொல்லி எடுக்கும் அல்ட்ராசவுண்டு ஸ்கேனில் துளையின் அகலம் தெரிந்துவிடும். 1 செ.மீ.க்கு மேல் இருந்தால் மெஷ் எனப்படும் செயற்கை வலை வைத்துத் தைப்பதுதான் இன்றைய முறை. நூலால் மட்டும் இழுத்துத் தைத்தால் மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம். அதுவரை மூட்டை தூக்குவதை நிறுத்துங்கள், எடையையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

காவிரிக்கரையோன்:

தொற்றுநீக்கம் சரியில்லாததால் வந்தது என்று ஒரு மருத்துவரே எழுதிவிட்ட பிறகு ஏன் தயங்க வேண்டும்? வைகைக்கரை உடனே அந்த மருத்துவமனைமீது நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட வேண்டும். பணமும் வாங்கிக்கொண்டு, சர்க்கரையின்மீது பழியும் போடுகிறார்கள். இதை விட்டால் நாளை இன்னொரு தாய்க்கும் இதே நிலைதான்.

அறுவை அரங்கு டெக்னீசியன்:

உங்கள் கோபம் புரிகிறது, ஐயா. அரங்கின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள்.

துணிகளையும் கத்தி, கத்தரி, இடுக்கிகளையும் ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில் வைத்துவிடலாம். கேமராவின் லென்ஸ் குழாய் போன்ற சிலவற்றைப் பல இடங்களில் அதில் வைப்பதில்லை. அதனால் 2% குளூட்டரால்டிஹைடு கரைசலில் ஊறவைக்கிறார்கள். இருபது நிமிடம் ஊறினால் பெரும்பாலான கிருமிகள் சாகும். முழுத் தொற்றுநீக்கத்துக்குப் பத்து மணி நேரம் வேண்டும். ஒரே நாளில் ஐந்தாறு கேஸ் இருக்கும் அரங்கில், ஒரே செட் கருவி வைத்திருந்தால், இடையில் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். லேப்ராஸ்கோபி இடுக்கியின் தண்டு நீளமான மெல்லிய குழாய். அதை மூட்டு மூட்டாகக் கழற்றிப் பிரஷ் போட்டுத் தேய்க்காவிட்டால் உறைந்த இரத்தமும் திசுவும் உள்ளே தங்கும், கரைசல் அங்கே எட்டாது. கலந்த கரைசலையும் 14 நாட்களுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, கடைசியில் ரசாயனத்தைக் கழுவுவதற்கு வடிகட்டாத குழாய்த் தண்ணீரில் அலசினால், மருத்துவர் சொன்ன அந்தக் கிருமி அங்கேயே வந்து ஒட்டிக்கொள்ளும். அலசுவதற்கும் ஸ்டெரைல் நீர்தான் வேண்டும்.

பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் 2006, 2007 ஆண்டுகளில் இதே வகைத் தொற்று பல மருத்துவமனைகளில் பரவி, சந்தேகத்துக்குரிய நோயாளிகளின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. அங்கே பரவிய கிருமி 2% குளூட்டரால்டிஹைடையே தாங்கி நின்றது ஆய்வகத்தில் தெரியவந்தது. ஆகவே விதிப்படி ஊறவைத்தாலும் தப்பக்கூடிய கிருமிகள் உண்டு. எத்திலீன் ஆக்சைடு வாயு, ஹைட்ரஜன் பெராக்சைடு பிளாஸ்மா போன்ற தொற்றுநீக்க முறைகளுக்கோ, ஆட்டோகிளேவில் வைக்கக்கூடிய லென்ஸுக்கோ மருத்துவமனைகள் மாற வேண்டும் என்று என்னைப் போன்றவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

முதலில் கிருமி எது என்று தெரியட்டும். வழக்கு வேண்டுமா என்பதை அதன்பின் முடிவு செய்யலாம். ஆனால் மருத்துவ ஆவணங்களை இப்போதே எழுத்து மூலம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் கொடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகத்தின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதி சொல்கிறது. அறுவைக் குறிப்பில் எந்த நூலால் தைத்தார்கள், பித்தப்பை எந்தத் துளை வழியாக வந்தது, பை கிழிந்ததா என்பவை இருக்கும். அடுத்துப் பார்க்கும் மருத்துவருக்கும் அது மிகவும் பயன்படும்.

வைகைக்கரை:

பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. ஆவணங்களைக் கேட்டு வாங்கிவிட்டோம். பித்தப்பை தொப்புள் வழியாகத்தான் வெளியே எடுக்கப்பட்டது என்று குறிப்பில் இருக்கிறது. பயாப்ஸி அறிக்கையில் நாட்பட்ட அழற்சி என்று மட்டுமே உள்ளது, வேறு எதுவும் இல்லை. அதைப் படித்த பிறகு அம்மா நன்றாகத் தூங்கினார்.

வேறொரு அறுவை மருத்துவரிடம் காட்டினோம். ஸ்கேனில் கல்லோ குடலிறக்கமோ இல்லை. தோலுக்கடியில் 2 செ.மீ. அளவில் ஒரு சிறு குழியும் அதிலிருந்து மேலே வரும் பாதையும் தெரிந்தன. மரத்துப்போகும் ஊசி போட்டுத் திசு எடுத்தார்கள். இரண்டு குப்பிகளிலும் என்னென்ன போடுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேன். முதலில் வந்த முடிவில் அமிலத்தில் நிறம் போகாத கிருமிகள் இருப்பதாக எழுதியிருக்கிறது. இதைப் பார்த்த எங்கள் குடும்ப மருத்துவர், 'இது டி.பி. தான், ஆறு மாத மாத்திரையை இன்றே தொடங்கிவிடலாம்' என்கிறார். தொடங்கலாமா?

கொங்குநாட்டு அறுவை மருத்துவர்:

கல்ச்சர் முடிவு வரும்வரை காத்திருக்கலாம் என்பதே என் கருத்து. அமிலத்தில் நிறம் போகிறதா என்று பார்க்கும் அந்தச் சாயச் சோதனையில் காசநோய்க் கிருமியும், நான் முன்பு சொன்ன கிருமிகளும் ஒரே மாதிரி சிவப்பாகத் தெரியும். அதை மட்டும் வைத்துப் பிரித்தறிய முடியாது. ஃபார்ச்சூட்டம், கெலோனே போன்றவை காசநோய்க்கான வழக்கமான மாத்திரைகளுக்குக் கட்டுப்படுவதில்லை. மாதக்கணக்கில் அவற்றைச் சாப்பிட்டு, கல்லீரல் பாதிக்கப்பட்டு, புண் மட்டும் அப்படியே இருக்க, ஒன்றுக்கு மூன்று வாய்களோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் துன்பம் உங்கள் அம்மாவுக்கு வேண்டாம்.

அதே திசுவில் சிபிநாட் சோதனை செய்யச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனைகளின் காசநோய்ப் பிரிவில் கட்டணமின்றிச் செய்கிறார்கள். அது காசநோய்க் கிருமியின் மரபணுவை மட்டும் தேடும் சோதனை. சாயச் சோதனையில் கிருமி தெரிந்து, சிபிநாட்டில் காசநோய் இல்லை என்று வந்தால், காசநோயல்லாத வகை என்ற சந்தேகம் மிகவும் வலுப்படும். இவ்வகைக் கிருமிகளில் பல ஒரு வாரத்துக்குள் கல்ச்சரில் வளர்ந்துவிடும், எனவே காத்திருப்பும் நீளாது. இது உயிருக்கு உடனடி ஆபத்து தரும் தொற்று இல்லை. சில நாட்கள் தாமதிப்பதால் கேடு வராது. குடும்ப மருத்துவரிடம் இந்தக் காரணத்தை மரியாதையோடு எடுத்துச் சொல்லுங்கள், அவரும் ஏற்பார்.

மல்லிகைப்பந்தல்:

இதைப் பொதுவில் எழுதச் சற்றுத் தயக்கமாக இருக்கிறது. எனக்கு வயது 34. கருப்பை தொடர்பாக லேப்ராஸ்கோபி செய்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தொப்புளுக்குள் கருநீலமாக மிளகு அளவில் ஒரு கட்டி இருக்கிறது. மாதவிலக்கு வரும் நாட்களில் மட்டும் அது வீங்கி வலிக்கிறது. சில மாதங்களில் இரண்டொரு சொட்டு இரத்தமும் வருகிறது. விலக்கு முடிந்ததும் அடங்கிவிடும். களிம்பு தடவச் சொன்னார்கள், பயனில்லை. இதுவும் அந்தக் கிருமியாக இருக்குமோ?

கொங்குநாட்டு அறுவை மருத்துவர்:

தங்கையே, தயங்காமல் எழுதியது நல்லது. மாதவிலக்கோடு சேர்ந்து வீங்கி அடங்குவது தொற்றின் இயல்பு இல்லை. கருப்பையின் உள்வரித் திசு தொப்புள் வடுவில் தங்கி வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இப்படித்தான் வரும். அறுவை செய்யாத பெண்களுக்கும் தொப்புளில் இது வருவதுண்டு. லேப்ராஸ்கோபி வடுவிலும் வருகிறது. மகப்பேறு மருத்துவரிடம் இந்த மாதாந்தர ஒழுங்கைச் சொல்லுங்கள், முடிந்தால் அந்த நாட்களில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனுக்குப் பிறகு கட்டியைச் சுற்றியுள்ள திசுவோடு முழுதாக வெட்டியெடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்புவதுதான் நிலையான தீர்வு. உள்ளே வேறு இடங்களிலும் இருக்கிறதா என்பதையும் அவர்கள் பார்ப்பார்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர்:

மல்லிகைப்பந்தலுக்கு ஒரு வார்த்தை. தொப்புளைக் காட்டக் கூச்சமாக இருந்தால் பெண் மருத்துவரையோ, கூட ஒரு செவிலியரையோ கேளுங்கள். அது உங்கள் உரிமை. குடும்பக் கட்டுப்பாட்டு லேப்ராஸ்கோபி செய்துகொண்ட பெண்கள் பலர் வருடக்கணக்கில் தொப்புள் தொந்தரவை யாரிடமும் சொல்லாமலே இருந்துவிடுகிறார்கள். அது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம்.

வைகைக்கரை:

முடிவுகள் வந்துவிட்டன. சிபிநாட்டில் காசநோய் இல்லை. கல்ச்சரில் மைக்கோபாக்டீரியம் ஃபார்ச்சூட்டம் வளர்ந்திருக்கிறது. எந்த மருந்து வேலை செய்யும் என்ற பட்டியலையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். கசியும் பாதையை முழுவதுமாக வெட்டியெடுத்துவிட்டார்கள். கிளாரித்ரோமைசினும் சிப்ரோஃப்ளாக்சசினும் மாத்திரையாகவும், முதல் சில வாரங்களுக்கு அமிக்காசின் ஊசியாகவும் எழுதியிருக்கிறார்கள். மொத்தம் நான்கு முதல் ஆறு மாதம் மருந்து சாப்பிட வேண்டியிருக்கும் என்றார்கள். வெட்டிய இடத்தைத் தைக்காமல் அடியிலிருந்து வளரவிட்டு, தினமும் காஸ் துணி வைத்துக் கட்டுகிறோம். முதல் நாள் அந்தக் குழியைப் பார்த்து எனக்குக் கை நடுங்கியது. இப்போது அடிப்பாகம் பவழச் சிவப்பில் மேலே ஏறிவருவது நன்றாகத் தெரிகிறது. தொப்புளின் வடிவம் பழையபடி இருக்காது என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அம்மா அதைப் பொருட்படுத்தவில்லை.

மருத்துவமனைக்கு முடிவுகளின் நகலோடு கடிதம் கொடுத்திருக்கிறோம். அதே மாதத்தில் அங்கே அறுவை செய்துகொண்ட மற்றவர்களையும் அழைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். அதற்கான பதிலைப் பொறுத்து மேற்கொண்டு முடிவெடுப்போம்.

கொங்குநாட்டு அறுவை மருத்துவர்:

மற்ற நோயாளிகளை அழைத்துப் பார்க்கக் கேட்டது மிக முக்கியமான செயல். ஒருவருக்கு வந்திருந்தால் வேறு சிலருக்கும் வந்திருக்கக்கூடும். அவர்களும் எங்கோ ஆன்டிபயாடிக் மாற்றி மாற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

அமிக்காசின் ஊசி சிறுநீரகத்தையும் செவியையும் பாதிக்கக்கூடியது. அம்மாவுக்குச் சர்க்கரையும் இருப்பதால் கிரியாட்டினின் சோதனையை வாரந்தோறும் செய்யுங்கள். காதில் இரைச்சலோ தலைசுற்றலோ வந்தால் அடுத்த ஊசிக்கு முன் சொல்லிவிடுங்கள். கிளாரித்ரோமைசின் சில கொழுப்பு மாத்திரைகளோடு ஒத்துப்போகாது, சிப்ரோஃப்ளாக்சசின் சில சர்க்கரை மாத்திரைகளோடு சேர்ந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும்; அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள். புண் மூடிவிட்டது என்று இரண்டாம் மாதத்தில் மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

தாமிரபரணி:

எனக்கும் ஸ்கேன் முடிந்தது; துளை 1.5 செ.மீ. அடுத்த மாதம் வலை வைக்கத் தேதி கொடுத்திருக்கிறார்கள். மறுபடியும் தொப்புள் வழியாகத்தான் செல்லப்போகிறார்கள் என்பதால் கேட்கிறேன்: இந்த முறை தொற்று வராமல் இருக்க, நோயாளியான நான் என்ன செய்யலாம்?

ஓய்வுபெற்ற செவிலியர்:

உங்கள் கையில் இருப்பது தொப்புளின் தூய்மை. பலருக்கு மடிப்பின் அடியில் அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து கறுத்த கல்போல் இறுகியிருக்கும்; அறுவை அரங்கில் கடைசி நேரத்தில் அதைச் சுரண்டி எடுத்தால் தோல் புண்ணாகிவிடும். எனவே இப்போதே தொடங்குங்கள். இரவில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு ஊறவைத்து, காலையில் குளிக்கும்போது சோப்பு நுரையும் மெல்லிய துணியுமாகத் துடைத்தால் சில நாட்களில் தானாகவே கழன்று வந்துவிடும். நகத்தால் நோண்டாதீர்கள். அறுவைக்கு முந்தைய நாட்களில் எண்ணெயை நிறுத்திவிடுங்கள். வயிற்று முடியை வீட்டில் பிளேடால் மழிக்க வேண்டாம். தேவைப்பட்டால் அங்கேயே கிளிப்பர் கொண்டு எடுப்பார்கள்.

அறுவைக்குப் பிறகு 48 மணி நேரம் கட்டை நனைக்காமல் இருந்து, அதன்பின் ஷவரிலோ சொம்பால் ஊற்றியோ குளிக்கலாம். குளத்திலும் ஆற்றிலும் புண் முழுதாக ஆறும்வரை இறங்க வேண்டாம். குளித்தபின் தொப்புளுக்குள் ஈரம் தங்காமல் ஒற்றி எடுங்கள். பெல்ட் அணிந்தால் தொப்புளுக்குக் கீழே அணியுங்கள்.

அறுவை அரங்கு டெக்னீசியன்:

அவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பயன்படுத்தப்போகும் லென்ஸையும் கருவிகளையும் எந்த முறையில் தொற்றுநீக்கம் செய்கிறார்கள் என்று மருத்துவரிடம் நேரடியாகவே கேளுங்கள். இப்படிக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பட்டியலில் முதல் கேஸாக வைக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். இரவு முழுவதும் முறையாகத் தயாரான செட் காலையில் முதலில் வருபவருக்குத்தான் கிடைக்கும்.